பீட்டிலுக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர்?

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில், ஸ்பார்க்கை நேரம் பார்த்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். இங்கே சுங்கை சிப்புட்டில் பீட்டில் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், "009 போடு, வேலை முடிஞ்சது" என்பார்கள். பாஷ் கம்பெனியின் 009 டிஸ்ட்ரிபியூட்டருக்கு அவ்வளவு பேர். மலிவு, வேக்குவம் குழாய் மாட்டும் தொல்லையும் இல்லை. நான் போடவில்லை.

என் வண்டி 1972 மாடல், 1600 சிசி, சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்ப்பரேட்டர். 009-இல் வேக்குவம், அதாவது கார்ப்பரேட்டரின் உறிஞ்சு விசையால் ஸ்பார்க்கை முன்கூட்டியே தரும் அமைப்பு, கிடையாது. இன்ஜின் சுற்ற சுற்ற உள்ளே இருக்கும் எடைகள் விரிந்துதான் ஸ்பார்க்கை முன்னே தள்ளும். இன்ஜின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நான் வேலை பார்க்கும் செம்பனை ஆலையின் ஜெனரேட்டர் மாதிரி ஒரே வேகத்தில் ஓடுகிற இன்ஜினுக்கு அது போதும். லிந்தாங் சாலையில் லோரிக்குப் பின்னால் ஊர்ந்து போய், வழி கிடைத்ததும் மிதிக்கிறோமே, அங்கேதான் வம்பு. எடைகள் இன்னும் விரிந்திருக்காது, இந்த கார்ப்பரேட்டர் தரும் கலவையும் மெலிசு. வண்டி ஒரு திணறு திணறும். அதுவும் பாதி லோரியைத் தாண்டியிருக்கும்போது!

வேக்குவமும் எடையும் சேர்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால், மிதி கொஞ்சம் திறந்த உடனேயே வேக்குவம் இழுத்து ஸ்பார்க்கை முன்னே கொண்டுவந்துவிடும். ஒற்றைக் குழாய் உள்ளதா, இரட்டைக் குழாயா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். உங்கள் கார்ப்பரேட்டருக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும், நான் ஒற்றைக் குழாய் உள்ளதைத்தான் தேடினேன்.

ஈப்போவில் பழைய சாமான் விற்கும் அண்ணன் ஒருவர் அந்த மாதிரி இரண்டு பாஷ் டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்து வைத்தார். "உறிஞ்சிப் பாருங்க தம்பி" என்று ரப்பர் குழாயை நீட்டினார். உறிஞ்சினால், ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட் இருக்கும் தட்டு லேசாகத் திரும்ப வேண்டும். குழாய் முனையை நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். முதலாவது மெல்ல நழுவித் திரும்பியது, உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிசல். இரண்டாவது நின்றது. அப்புறம் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இருந்தால் பாயிண்ட் இடைவெளி நிலையாக இருக்காது, டைமிங் விளக்கில் குறி துள்ளும். ஆட்டம் இல்லை, வாங்கிவிட்டேன்.

குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் டைமிங்கை, பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் 7.5 டிகிரி என்று வைத்தேன். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ.

பாயிண்டுக்குப் பதில் போடும் எலெக்ட்ரானிக் மாட்யூல் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பால்மரக் காட்டு நடுவே செத்தால் என்ன செய்வது? பாயிண்ட் என்றால் ஒரு சின்ன அரமும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் போதும், வீடு வந்து சேரலாம்.