வலிக்காத காலுக்கு இருபது நிமிடம்

தொழுநோய் மருத்துவமனையில் காலை ஜெபம் முடிந்ததும் கண்ணில் படுவது பிளாஸ்டிக் பேசின் வரிசைதான். பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் காலை ஊறவைத்திருப்பார்கள். பச்சைத் தண்ணீர், இருபது நிமிடம். வெந்நீர் கூடவே கூடாது. மரத்துப்போன கால் கொப்பளித்த பிறகுதான் சூடு என்றே தெரியவரும்.

கூட்டு மருந்து ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ கிருமியை ஒழித்துவிடும். செத்த நரம்பை அது மீட்டுத் தராது. வியர்வை நின்றுபோவதால் தோல் காய்ந்து, காய்ப்பு ஏறி, வெடிக்கிறது. ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்க்க வேண்டும், பிளேடைத் தொடக் கூடாது. அப்புறம் ஈரம் போவதற்குள் எண்ணெய். காய்ந்த காலில் தடவிவிட்டு வெடிப்பு ஆறவில்லை என்று வருபவர்கள் நிறைய. எண்ணெய்க்கு ஈரம் தரத் தெரியாது. உள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான் தெரியும். (இதைச் சர்க்கரை நோயாளிக்குச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு ஊறவைப்பதே ஆகாது.)

இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனரிகளின் மகனாக 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுகிறது என்றே அன்று நம்பினார்கள். அவர் காயம் காயமாகக் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய சிறுவனுக்கு எலும்பு வரை விரல் கிழிந்திருந்தது, அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் சிலருடைய விரலைக் கடித்தது எலி. சதையில் குறையில்லை, வலி இல்லாததுதான் குறை. வேலூருக்கு அருகே 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்தப் பாடம் செருப்பாகவும் மாவுக்கட்டாகவும் மாறியது.

மடங்கிய விரலைத் தசைநாண் மாற்றி அவர் நிமிர்த்தி அனுப்பிய சிலர், இந்தக் கைக்கு யாரும் பிச்சை போடுவதில்லை என்று திரும்பி வந்தார்கள். அதற்கும் பதில் தேட வேண்டியிருந்தது. வளாகத்திலேயே குடிசை போட்டு மரவேலை கற்றுக்கொடுத்தார்கள்.

விசுவாசத்தோடு இந்த வேலைக்கு வருகிறவர் தடுக்கி விழும் இடமும் இதுதான். இரக்கப்பட்டு, நோயாளியின் காலைத் தானே கழுவி, தானே தேய்த்து, தானே எண்ணெய் போட்டு அனுப்புவார். மூன்று மாதத்தில் அதே இடத்தில் புண்ணோடு ஆள் திரும்பி வருவார். தேய்க்கும் கல் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். நம் வேலை தாழ்வான ஸ்டூலில் எதிரே உட்கார்ந்து, புண் இல்லாத காலை உறை போடாமல் தொட்டு, எங்கே பார்ப்பது என்று காட்டுவது. சாபம், பாவம் என்றெல்லாம் ஊர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருக்கும். நாமும் பிரசங்கத்தில் ஆரம்பித்தால் கால் பேசினுக்குள் போகாது. பெரிய வியாழனன்று ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்குக்கு நீளும் கால்கள் வீட்டிலேயே கழுவி வந்தவை. இங்கே நீளும் கால்கள் வேறு.

செருப்பில் உள்ளே எம்.சி.ஆர். என்கிற நுண்துளை மெத்து ரப்பர், அடியில் டயர் போலக் கெட்டியான அடித்தட்டு, குதிகாலில் பின்வார். ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உள் ரப்பரை இரு விரலால் அழுத்தினால் பாதி அளவு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும், எழும்பவில்லையென்றால் மாற்றுங்கள். ஆனால் எவ்வளவு நல்ல செருப்பானாலும் தூரத்திலிருந்தே நோயாளி என்று காட்டிக்கொடுத்தால் அது பஸ் ஏறும்போது பைக்குள் போய்விடும். கடைச் செருப்பின் நிறமும் வடிவமும் வேண்டும் என்று அவர்கள் கேட்பது வீம்பு இல்லை.

சாயங்காலம் கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு புறங்கையால் தடவி, மற்ற இடத்தைவிடச் சுடுகிற இடம் உண்டா என்று தேட வேண்டும். கையும் மரத்திருந்தால் வீட்டில் யாராவது தொட்டுச் சொல்லட்டும். சூடு இருந்தால் உள்ளே நசுங்கியிருக்கிறது, புண் இன்னும் வெளியே வரவில்லை. மறுநாள் நடை கிடையாது, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.