சனிக்கிழமைப் படமும் திங்கட்கிழமைப் பேச்சும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். சனிக்கிழமை மதியம் கூடத்துத் தொலைக்காட்சியில் படம் போடுவது என் பொறுப்பு. எந்தப் படம் என்பதில் எங்களுக்குள் எப்போதும் இரண்டு கட்சி. நிர்வாகிக்குச் சிரிப்புப் படம் வேண்டும். "வயசானவங்களை ஏன் அழ வைக்கிறீங்க சிஸ்டர்? போன வாரம்தான் ஒரு சாவு பார்த்தோம்" என்பார். அவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனாலும் நான் எதிர்க்கட்சிதான். பிரிவைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் சத்தம் போடாமல் பேசுகிற படங்கள் இந்தக் கூடத்துக்கு வேண்டும் என்று இத்தனை ஆண்டு வேலைக்குப் பிறகு உறுதியாக நம்புகிறேன்.

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் 1860க்கும் 1911க்கும் இடையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். அப்படி வந்தவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். எண்பது வயதைத் தாண்டிய சிலர் இன்னும் நல்ல தமிழ் பேசுகிறார்கள், அதில் வட ஆற்காட்டு வாடை அடிக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதல் சில மாதங்கள் அந்தப் பேச்சைக் கேட்பதே ஒரு சந்தோஷம். மற்றவர்களுக்குப் பாட்டு தெரியும், பஜனை தெரியும், வசனம் ஓடினால் பாதிதான் பிடிபடும். கீழே வருகிற ஆங்கில எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே போவேன். சிரிப்புப் படத்தில் அது நடக்காது. நான் நகைச்சுவையை விளக்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பேச்சு குறைந்த படத்தில் எனக்கு வேலையே இல்லை. ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள் என்றால் அதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படித்தான், வசதிக்காகத்தான், அந்த மாதிரிப் படங்களைப் போட ஆரம்பித்தேன். போகப் போக வேறு ஒன்று கண்ணில் பட்டது. கதறி அழுகிற படம் என்றால் எல்லாரும் அங்கேயே அழுவார்கள், முந்தானையால் துடைப்பார்கள், டீ வரும், அதோடு முடிந்தது. அமைதியான படம் முடிந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. டீயைக் குடித்துவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவார்கள், அன்றைக்கும் ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை காலை குளிப்பாட்டும்போதோ தலை வாரும்போதோ பேச்சு வரும்.

1962இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் புற்றுநோயாளியான கணவன், தான் செத்துப்போனால் நீ மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று மனைவியிடம் சொல்கிறான். படம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடப்பதால் எங்கள் ஆட்கள் ஒன்றிப்போய்ப் பார்த்தார்கள். கணவன் பிழைத்து மருத்துவர் இறந்துபோகிற முடிவைப் பற்றிக் கொஞ்சம் விவாதம் நடந்தது. இங்கே தங்கியிருக்கும் ஓர் ஆயா, அதாவது பாட்டி, இளம் வயதில் விதவையானவர், அதில் கலந்துகொள்ளவில்லை. திங்கட்கிழமை நான் ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார் சிஸ்டர்" என்றார். "இன்னொருத்தனைக் கட்டிக்கோன்னு. துணி பேக்டரியில வேலை செஞ்சு நாலு பிள்ளையை வளத்தேன். கட்டிக்கல. ஆனா அவர் அப்படிச் சொன்னாரே, அந்தக் கோபம் இன்னும் போகல்ல." ஆயா பல வருஷமாக எங்களோடு இருக்கிறார். கோப்பில் விதவை என்று ஒரு சொல்தான் எழுதியிருந்தோம்.

லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த 2023இல் '96' போட்டோம். இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு பள்ளிக்கூட நண்பர்கள் ஒன்றுகூடும்போது ராமும் ஜானுவும் மறுபடி சந்திக்கிற படம். அவன் வீட்டில் இரவில் மின்சாரம் போகிறது. இத்தனை வருஷம் அவன் கேட்டும் பாடாத பாட்டை அவள் அந்த இருட்டில் பாடுகிறாள். அது முடிந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் கூடத்திலும் மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டர் ஆக்சிஜன் இயந்திரங்களுக்கும் நடைபாதை விளக்குகளுக்கும் மட்டும்தான். சரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் நடக்காது, எல்லாரையும் அறைக்குக் கொண்டு போகலாம் என்று எழுந்தேன். அப்போது ஒரு தாத்தா பேச ஆரம்பித்தார்.

அவருடைய அப்பா டர்பன் நகராட்சித் தொழிலாளி. குடும்பம் மேகசின் பேரக்ஸில் இருந்தது. நகராட்சித் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள் அவை, இருந்தவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் அதிகம். எதிர் வரிசையில் ஒரு பெண். குழாயடியில் பார்த்துக்கொள்வார்களாம், அவ்வளவுதான். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்துக்குப் பிறகு, அறுபதுகளில் பேரக்ஸைக் காலி செய்து எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். யூனிட் என்று பிரித்த பகுதிகளில் ஒன்றில் இவர் குடும்பத்துக்கு வீடு, அந்தப் பெண் வீட்டாருக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு யூனிட்டில். "ஒரே சாட்ஸ்வொர்த்துதான். ஆனா பஸ்ஸுக்குக் காசு வேணுமே. போய் என்ன சொல்லி நிக்கிறது?" பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டார். இவரும் கட்டிக்கொண்டார், மனைவியோடு நன்றாகவே வாழ்ந்தார்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று இருட்டிலிருந்து ஓர் ஆயா கேட்டார். அவர் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் விட்டு வந்த மாமரம், புது வீட்டுக்கு வந்த மறுமாதமே போய்ச் சேர்ந்த மாமியார், கடிதம் போடுகிறேன் என்று ஜோகன்னஸ்பர்க் போய் எழுதாதவன். மின்சாரம் திரும்பிய பிறகும் படத்தைத் தொடரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மீதியை அடுத்த சனிக்கிழமை பார்த்தோம். அதில் ராம் அவளுடைய உடையை மடித்து, பழைய ஞாபகப் பொருள்கள் இருக்கும் பெட்டியில் வைக்கிறான். திங்கட்கிழமை தாத்தாவுக்கு நான் சவரம் செய்துவிடும்போது அவர் சொன்னது: "அவன் பெட்டியில வச்சான். எங்களை லாரியில ஏத்தினப்போ வீட்டுச் சாமானே பாதி வந்து சேரல்ல."

'மூன்றாம் பிறை'யை நானாகப் போட்டிருக்க மாட்டேன். கேட்டு வாங்கியவர் இல்லத்தில் தங்குபவரும் இல்லை, தினமும் காலையில் வந்து சாயங்காலம் போகிறவர். மறதி நோய் முற்றிய மனைவி எங்களிடம் இருக்கிறார். அவருக்கு இவரை யாரென்று தெரியாது, சில நாள் தன் அண்ணன் என்று நினைத்துக்கொள்வார். பாலு மகேந்திராவின் அந்தப் படம் 1982இல் வந்தது. கண்ணதாசன் கடைசியாக எழுதியது அதில் வரும் 'கண்ணே கலைமானே' என்பதைத் தமிழ் தெரிந்த எல்லாருக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். நினைவு திரும்பிய பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், கமல்ஹாசன் பிளாட்பாரத்தில் ஓடி, குரங்கு போல ஆடிக் காட்டி, தலையில் பானை வைத்து, எப்படியாவது தன்னை ஞாபகப்படுத்தப் பார்க்கிறார். அந்தக் காட்சியில் இந்தியாவே அழுதது. இவர் அழவில்லை. "ஏன் இப்படி ஓடுறான்? வண்டியில ஏறி அவ பக்கத்துல உக்காந்திருக்கலாமே" என்றார்.

அந்தக் காட்சியை நான் சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததே இல்லை. தினமும் பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் அது தோன்றும்.

நிர்வாகி மிகவும் பயந்தது 'டோக்கியோ ஸ்டோரி'க்குத்தான். யசுஜிரோ ஓசுவின் 1953 படம். பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள் ஒரு கிழத் தம்பதி. பிள்ளைகளுக்கு நேரமில்லை, அடாமி என்ற கடலோர ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ மட்டும் அன்பாக நடந்துகொள்கிறாள். ஊர் திரும்பிய சில நாளில் தாய் இறந்துபோகிறாள். "முதியோர் இல்லத்தில் போடுற படமா இது?" என்றார் நிர்வாகி. நியாயமான கேள்வி. ஆனால் கூடத்தில் யாரும் அந்தப் பிள்ளைகளைத் திட்டவில்லை. "அதுங்களுக்கும் வேலை இருக்குல்ல" என்று ஒருவர் சொல்லியே விட்டார். கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த தாய் எழுந்திருக்கும்போது தலை சுற்றித் தடுமாறும் இடத்தில்தான் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள்: "அப்பவே டாக்டர்கிட்ட சொல்லணும்!" அந்தத் தாயின் உடம்புக்கு என்ன வரப்போகிறது என்று என்னைவிட அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஜூலுக் கேர்கிவருக்கு நோரிகோமேல் கவலை. கணவன் இறந்தால் ஓராண்டு கருப்பு உடுத்தி, பிறகு சடங்கு செய்து அதைக் களைவது அவர்கள் வழக்கம். எட்டு வருஷமாகியும் இந்தப் பெண்ணுக்கு அந்தச் சடங்கை யாரும் செய்து வைக்கவில்லையே என்றார்.

ஓசு காமிராவைத் தரையோடு தாழ்த்தி வைப்பவர். எங்கள் ஆட்களோடு நாற்காலி உயரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று உறைத்தது. நாள் முழுக்க இவர்கள் எங்கள் முகத்தை அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அந்தப் படத்தில் மட்டும் எல்லாரும் அவர்கள் கண் மட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அன்றிலிருந்து மாத்திரை கொடுக்கும்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.

அந்தப் படத்தில் கெய்சோ என்று ஒரு மகன் வருகிறான். ரயில்வே வேலை, தாய் இறந்த பிறகுதான் வந்து சேருகிறான். என் அம்மா 2020 மே மாதம் தஞ்சாவூரில் இறந்தார். மார்ச் கடைசியிலிருந்து தென்னாப்பிரிக்கா அடைந்து கிடந்தது, இந்தியாவுக்கு விமானம் இல்லை. தகனத்தை போனில் பார்த்தேன், அன்று மாலை ஷிப்டுக்கும் வந்தேன், ஏனென்றால் அப்போது எங்களிடம் ஆள் இல்லை. கெய்சோ சடங்கு நடக்கும்போது வெளியே எழுந்து போய்விடுகிறான். அந்த இடத்தில் எனக்குக் கதை சொல்ல வாய் வரவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை, ஜடை பின்னும்போது அதே ஆயா கேட்டார்: "உங்கம்மாவைப் பத்திச் சொல்லும்மா. நேத்தே கேக்கணும்னு இருந்தேன், பிள்ளைங்க வந்துட்டாங்க." அரை மணி நேரம் சொன்னேன். மற்ற மூன்று பேருக்குக் குளியல் தாமதமானது.

அந்தத் தாமதத்தை வைத்தே நிர்வாகியிடம் பேசினேன். படத்தை மாற்ற வேண்டாம், திங்கட்கிழமை காலைக்கு இன்னொரு ஆள் கொடுங்கள் என்றேன். ஆயாவின் கோபத்தையும் தாத்தாவின் லாரியையும் அவர்கள் அனுமதியோடு சொன்னேன். யோசித்து, ஒப்புக்கொண்டார். இப்போது திங்கட்கிழமை காலை பத்து மணி வரை கூடுதலாக ஒருவர் இருக்கிறார், யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை. சிரிப்புப் படமும் மாதத்தில் இரண்டு வாரம் உண்டு. வருகிற சனிக்கிழமை 'மௌன ராகம்'. கதையை முன்கூட்டியே என்னிடம் கேட்டுக்கொண்ட பேரக்ஸ் தாத்தா, கார்த்திக் சாகாமல் இருந்தால் அந்தப் பெண் யாரோடு இருந்திருப்பாள் என்று இன்று காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.