மூன்று ‘ஏ’ போட்ட யாழினி

என் பெயர் செழியன். அடையாள அட்டையில் மட்டும் நான் செலியன்.

பாண்டிய மன்னர்களின் பெயரென்று அப்பா ஆசையாக வைத்தது. அதைத் தாளில் ஏற்றியவர் எங்கள் மலேசியத் தோட்டத்துக் கிராணியார், அதாவது எழுத்தர். ழகரத்துக்கு ஓர் ‘எல்’ போதும் என்று அவரே தீர்ப்பு வழங்கி, நடுவில் வரவேண்டிய ‘ஒய்’யையும் மிச்சம் பிடித்து, எஸ், இ, எல், ஐ, ஏ, என் என ஆறே எழுத்தில் என்னை முடித்துவிட்டார். முதல் எழுத்தை விழுங்கிவிட்டு வாசித்தால் ‘ஏலியன்’. இடைநிலைப் பள்ளியின் ஐந்து ஆண்டுகளையும் நான் வேற்றுக்கிரகவாசியாகத்தான் கழித்தேன்.

ஆகவே மகள் பிறந்தபோது ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தேன். அவள் பெயரில் ழகரம் இருக்கும். அது ‘எல்’லாகத் தேயாது. யாழினி. மனைவிக்கும் பிடித்துவிட்டது. மாமியார்தான் யோசித்தார்.

“யாளினியா? கோயில் தூணில் சிங்க உடம்பும் தும்பிக்கையுமாக நிற்குமே, அதுவா மாப்பிள்ளை?”

“அது யாளி, அத்தை. இது யாழ். வீணை மாதிரி ஒரு வாத்தியம்.”

“நானும் அதைத்தானே சொல்கிறேன். யாளினி.”

ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ‘ஸெட்’டும் ‘எச்’சும் போடுவது என்று நான் சொன்னதும் வீட்டில் விவாதம் கிளம்பியது. “தமிழ் என்ற சொல்லையே ‘எல்’ போட்டுத்தான் எழுதுகிறோம். தமிழுக்குப் போதுமானது உங்கள் மகளுக்குப் போதாதா?” என்றாள் மனைவி. நல்ல கேள்விதான். பதில் இல்லாததால், ஏலியன் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பாவம், விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அத்தோடு முடிந்திருக்கும். மனைவியின் தாய்மாமா கோலாலம்பூரின் செந்தூல் பகுதியிலிருந்து குழந்தை பார்க்க வந்தார். எழுத்தை எண்ணிப் பார்க்காமல் பெயர் வைப்பது கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்பது போன்றது என்றார். அடுத்த சனிக்கிழமை, அதே ஊரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வீட்டு மாடியில், எண்கணித ஜோதிடர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அட்டவணை ஒன்று இருந்தது. அதன் மேல் ‘தே தாரிக்’ என்னும் இழுத்து ஆற்றிய தேநீர்க் கோப்பை வைத்த வட்டத் தடங்கள். ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் இவற்றுக்கு 1. எச்சுக்கும் என்னுக்கும் 5. ஸெட்டுக்கு 7. எட்டு வரைதான் எழுத்துகள். ஒன்பதுக்கு எந்த எழுத்தும் இல்லை, அது புனித எண்ணாம். பச்சை மை பேனாவால் பெயரை எழுதி, ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் அதன் எண்ணை ஏற்றினார். ஒற்றை இலக்கங்களைக் கூட்டுவதற்கு ஒரு கால்குலேட்டர் வேறு.

“21. கூட்டினால் மூன்று. குழந்தை பிறந்தது 14ஆம் தேதி, ஐந்தாம் எண். பெயரும் ஐந்தில் நிற்க வேண்டும். 23க்குக் கொண்டுபோவோம்.”

இரண்டு குறைகிறது. ஏ என்றால் ஒன்று. அவர் கணக்கு உடனே முடிந்துவிட்டது: ‘ஒய்’க்குப் பிறகு மூன்று ஏ.

மனைவி அந்தத் தாளைக் கையில் வாங்கி மெதுவாக வாசித்தாள். “யாஆஆழினி. கொட்டாவி விட்டுக்கொண்டே கூப்பிடுவதுபோல் இருக்கிறது.”

ஜோதிடர் அசரவில்லை. இன்னொரு வழியும் வைத்திருந்தார்: முன்னால் இரண்டு ஏ, கடைசியில் இரண்டு ஐ. அதுவும் 23தான். பிறகு, யாரும் கேட்காமலே என் பெயரையும் எழுதிக் கூட்டினார். 18 வந்தது. முகம் சுருங்கியது. “ஒரு ‘ஒய்’ சேர்த்தால் 19. ராஜ யோகம். யார் இதை எழுதியது?”

வாழ்க்கையில் முதல்முறையாகக் கிராணியார்மேல் எனக்கிருந்த கோபத்துக்கு ஒரு நிபுணரின் ஆதரவு கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் கேட்ட தட்சிணையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் 57ஆம் நாள் போனோம். படிவத்தில் இரண்டு ஏ, இரண்டு ஐ. மாமாவின் மனம் நோகக்கூடாது என்பதுதான் காரணம். ராஜ யோகம் எல்லாம் இரண்டாம் பட்சம்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி மிகப் பொறுமைசாலி. ஒருமுறை வாசித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுமுறை வாசித்தார். “யா-அஸ்-ஹி-னி-இ?”

மலாயில் எழுதியதை அப்படியே வாசிப்பார்கள். 1972இல் எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தியபோது ‘சி’யும் ‘எச்’சும் சேர்ந்து எழுப்பிய ஒலியைத் தனி ‘சி’யிடமே ஒப்படைத்துவிட்டார்கள். இரண்டு எழுத்தை ஒன்றாக்கிச் சிக்கனமாக வாழ்கிறவர்களிடம், ஒரே ழகரத்தை இரண்டு எழுத்தில் கொண்டுபோய் நீட்டினேன். நாக்கை மடித்து ஒலித்தும் காட்டினேன். அவர் திரும்பச் சொன்னபோது அது கிட்டத்தட்ட ‘யாரினி’ என்று வந்தது.

“மன்னிக்க வேண்டும், புவான். கொஞ்சம் விசித்திரமான எழுத்துதான்,” என்றேன். புவான் என்றால் அம்மணி.

அவர் சிரித்துவிட்டார். இப்போது எல்லோரும் அப்படித்தானாம். நன்றி சொல்லும் ‘தெரிமா காசி’யில், அன்பு என்ற பொருளில் வரும் அந்தக் காசியையே ‘கே’க்குப் பதிலாக ‘க்யூ’ போட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்களாம். சொல்லிவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “நன்றாகப் பாருங்கள். அச்சடித்த பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல்.”

திரையில் அந்தப் பெயர் ரயில்பெட்டி மாதிரி நீண்டு கிடந்தது. அதற்குப் பின்னால், மகள் என்று பொருள்படும் அனாக் பெரம்புவான் என்பதன் சுருக்கமாக ஏ, ஒரு சாய்கோடு, பி. அதற்கும் பின்னால் என் ஆறெழுத்து. மனைவி என்னைக் கேட்கவில்லை. விரலை நீட்டி, “இது வேண்டாம். இதுவும் வேண்டாம்,” என்று ஓர் ஏயையும் ஓர் ஐயையும் எடுக்கச் சொன்னாள். ஐந்தாம் எண் அந்த இடத்திலேயே காலாவதி. மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம், “23இன் முகக்களையே தனி,” என்கிறார். நாங்கள் தலையாட்டுகிறோம்.

ழகரத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை இரண்டு நாள் நீடித்தது. எதிர்வீட்டுச் சீன ஆண்டி கேசரி டப்பாவோடு வந்த அட்டையைப் பார்த்து, “யாஜினி! அழகான பெயர்,” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஜாங் என்ற சீனக் குடும்பப் பெயரே ஸெட், எச் என்றுதான் தொடங்குகிறது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் தாதி, “யாஸ்ஹினி! யாஸ்ஹினி!” என்று கூப்பிட்டபோது நாங்களும் யாரோ வேறு குழந்தை என்று உட்கார்ந்தே இருந்தோம். வரிசை தப்பி அரை மணி நேரம் போனது. எங்கள் தமிழ் உறவு வட்டம் முழுவதும் யாளினி. அவர்களுக்காக நான் ‘எல்’லே போட்டிருக்கலாம்.

கடைசியில் உள்ளே போனோம். டாக்டர் இளம்பெண். குழந்தையின் மருத்துவப் பதிவான இளஞ்சிவப்புப் புத்தகத்தைத் திறந்தார், நிமிர்ந்தார். “யாழினி,” என்றார்.

சுத்தமாக. நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல் வளைந்து, அந்த ழகரம் பலாச்சுளை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “நீங்கள் தமிழா, டாக்டர்?”

“மலையாளி. பாட்டி ஊர் கோழிக்கோடு.” அங்கேயும் அதே ஸெட், அதே எச். கைகூப்பாத குறையாக நின்றேன்.

மடியில் பேத்தியை வைத்திருந்த மாமியார், டாக்டரின் கையை அன்போடு தொட்டார்.

“யாளினி, டாக்டர். சொல்லச் சொல்லப் பழகிவிடும்.”