1,500 ரூபாய்க்குள் தொப்பிச் சத்தம்

காதில் மாட்டுகிற இயர்போன் சமாச்சாரம் வாங்க யாராவது உங்களைத் துணைக்குக் கூப்பிட்டால், பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்னால் அவர் என்ன பாட்டு கேட்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து சென்னை வந்தவர், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "பாப்பா, ஆயிரத்தி ஐந்நூறுக்கு மேல ஒரு பைசா கிடையாது. ஆனா தவில்ல தொப்பிப் பக்கம் கோல் விழுந்தா நெஞ்சுல கேக்கணும்."

தொப்பி என்பது தவிலின் இடது பக்கம், கோலால் அடிக்கிற கனத்த சத்தம் அங்கிருந்துதான் வரும். நெஞ்சில் கேட்கணும்னா மண்டபத்தில் மேளக்காரர்களுக்கு எதிரே முதல் வரிசையில் உட்காரணும் மாமா, இத்தனூண்டு இயர்போனால் காதைத் தாண்டி உள்ளே போக முடியாது என்றேன். "சரி, காதுலயாவது கேக்கட்டும்" என்று பெருந்தன்மையாக இறங்கி வந்தார்.

அவரிடம் ஏற்கெனவே இருந்தது மகனின் பழைய போனோடு வந்த ஒயர் இயர்போன். அதில் நாதஸ்வரம் கேட்கும், தவிலின் வலந்தலை, அதாவது விரலால் வாசிக்கிற வலது பக்கத்துச் சொற்கள் எல்லாம் பொரிந்து தள்ளும், தொப்பி மட்டும் வராது. தொப்பி கேட்காத தவிலை மாமா தவில் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அதனால் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, போனே 'இதற்கு மேல் காதுக்கு ஆபத்து' என்று எச்சரிக்கிற இடத்தையும் தாண்டி வைத்துக் கேட்பார். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய மனிதக் காதுக்கு முதலில் தேய்ந்து போவது தாழ்ந்த ஒலிகள்தான், ஃப்ளெச்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆனால் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கும் எல்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். "மண்டபத்துல பாட்டுக் கச்சேரி வைக்கிறானுங்களே, அவனுங்ககிட்ட போய்ச் சொன்னியா?" என்றார். பதில் இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒருவர் இருக்கிறார், பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, என்று சொன்னாலே முகம் சுளிப்பார், அதெல்லாம் ரசனை இல்லாதவர்கள் கேட்பது என்பார். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பலரையும் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லிப் பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் சப்பென்று சமமாக இருப்பதைவிட பேஸைக் கொஞ்சம் தூக்கி வைத்ததையே விரும்பினார்கள். ஆகவே மாமா தனி ஆள் இல்லை, அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கட்சியே இருக்கிறது.

கல்யாணம் முடிந்த கையோடு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் குவிந்திருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நடப்பது மட்டும்தான் சிரமம், தெரு முழுக்க அட்டைப்பெட்டி, பெட்டிக்கு நடுவில் ஸ்கூட்டர், ஸ்கூட்டர் மேல் இன்னும் பெட்டி. முதல் கடையில் பையன் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே "சார், இதுல பேஸ் சும்மா தூக்கும்" என்று ஒரு டப்பாவை நீட்டினான். பக்கத்து டப்பாவும் தூக்குமாம். அலமாரியில் இருந்த ஒவ்வொன்றிலும் எக்ஸ்ட்ரா, டீப், மெகா, தண்டர் என்று ஏதோ ஒரு பட்டம். பேஸ் சுமாராகத்தான் இருக்கும் என்று அச்சடித்த டப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

மாமா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், அச்சில் இருப்பதெல்லாம் அவருக்கு வேதம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கான் பாப்பா, 20தானே கீழ இருக்கிற சத்தம், அப்ப இதுல தொப்பி இருக்குல்ல?" என்றார். இருக்கும் மாமா, ஆனால் நூற்றைம்பது ரூபாய் டப்பாவிலும் அதேதான் போட்டிருக்கும், மனிதக் காது கேட்கிற எல்லையை அப்படியே அச்சடித்து வைப்பார்கள், 20 ஹெர்ட்ஸில் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்பதை யாரும் போட மாட்டார்கள் என்று விளக்கினேன். சாதாரண நாலு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்ஸ்வரமே 41 ஹெர்ட்ஸ் பக்கம்தான், 20 வரை போவதாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் பெருமைக்கு. அடுத்த கடையில் ஒரு பிரபல கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்த டப்பாவைக் காட்டினார்கள். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து ஒண்ணு ஜாஸ்தி, விலை பாதி" என்று பாராட்டினார். இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்புறம் டிரைவர் சைஸ், அதாவது உள்ளே சத்தம் போடுகிற குட்டி ஸ்பீக்கரின் அளவு. ஒருவர் 10 மில்லிமீட்டர் என்றார், எதிர்க் கடைக்காரர் 14 என்றார், மாமா உடனே எதிர்க் கடை பக்கம் சாய்ந்தார். பெரிய டிரைவர் நிறையக் காற்றைத் தள்ளும் என்பது சரிதான். ஆனால் அந்த 14 இருந்த மாடல் காதின் வாசலில் சும்மா தொற்றி நிற்கிற வகை, காதுக்குள் போய் அடைக்கிற ரப்பர் முனை கிடையாது. காதை அடைக்காமல் விட்டால் பேஸ் அத்தனையும் இடுக்கு வழியாக வெளியே போய்விடும், டிரைவர் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன.

இன்னொரு கடையில் அவர்களே ஒரு டெமோ பாட்டு வைத்திருந்தார்கள், ஏதோ டிஜே சமாச்சாரம், இடி இடி என்று இடித்தது. எதில் போட்டாலும் அது இடிக்கும், அதற்காகவே செய்த பாட்டு. மாமா அங்கேதான் சபாஷ் போட வைத்தார். "தம்பி, உன் பாட்டுல இடிக்குது, என் பாட்டுல இடிக்குமா?" என்று தன் போனில் ஒரு கோயில் கச்சேரியைப் போட்டார். நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வாசித்தது போலக் கேட்டது. மலிவு விலையில் பேஸ் என்று சொல்லி 100, 200 ஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கிவிட்டிருப்பார்கள், அது பரவி வந்து குரல், குழல், வயலின் எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்ளும். கும் என்று இருக்கும், ஆனால் எந்த வாத்தியத்தின் கும் என்று தெரியாது. இன்னொரு சிக்கல், அந்தக் கச்சேரியே பழைய கேசட்டிலிருந்து யாரோ ஏற்றியது, பதிவிலேயே தொப்பி இல்லை, எந்த இயர்போனாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. சமீபத்தில் நல்ல மைக் வைத்துப் பதிவு செய்த ஒரு மல்லாரியை, கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற உருப்படியை, தேடி இறக்கிக் கொடுத்தேன்.

காதுக்குள் போகிற வகையைப் போட்டுப் பார்க்கப் பெரும்பாலான கடைகளில் விடமாட்டார்கள், பிரித்தால் வாங்கியாக வேண்டும். கடைசியாக ஒரு மாடிக் கடையில் டெமோ பீஸைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்கள். ஒன்றும் சரியில்லை. மாமா ஒவ்வொன்றையும் மாட்டி, உதட்டைப் பிதுக்கி, "தொப்பி இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் மாடல் வரைக்கும் ஏறிவிட்டார், அதிலும் தொப்பி இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து மாமாவின் காதை உற்றுப் பார்த்தேன். மனிதர் எதையும் உள்ளே தள்ளவே இல்லை, காது மடல் ஓரத்தில் வெறுமனே சார்த்தி வைத்திருந்தார். "உள்ள மாட்டிக்கிட்டா யார் எடுக்கிறது?" என்று கேட்டார்.

சின்ன வயதில் கணக்குப் பாடத்துக்காக என் காதை அவர் திருகிய திருகு எனக்கு மறக்கவில்லை. கடையில் எல்லோரும் பார்க்க, அவர் காதைப் பின்பக்கமாகவும் மேல்பக்கமாகவும் இழுத்துப் பிடித்து, இயர்போனைக் கொஞ்சம் திருகி உள்ளே தள்ளினேன். காது மடலைத் தூக்கினால் உள்வழி நேராகும், ரப்பர் சரியாகப் போய் அமரும். இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது, வலது பக்கம் வழுக்கியது. இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இடதுக்கு நடு சைஸ் ரப்பரும் வலதுக்குப் பெரிய சைஸும் மாட்டிவிட்டு மல்லாரியைப் போட்டேன்.

மாமாவின் கண்கள் விரிந்தன. கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்கிறான் பாருங்க!" என்று அவர் கத்தியது கீழ்த்தளத்தில் சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் காதில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் மாடல் இல்லை, முதலில் வேண்டாம் என்று தள்ளிய, ஆயிரம் ரூபாயை ஒட்டிய கேஇசட், சீனத் தயாரிப்பு, காதைச் சுற்றி ஒயர் போகிற வகை. ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் கழற்றி மாற்றலாம், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. கடையில் இருந்த மூன்ட்ராப் சூ என்ற இன்னொரு மாடலும் நல்ல சாமான்தான், ஆனால் மாமாவுக்கு வேண்டிய அளவு அடி அதில் இருக்காது என்று தோன்றியது. புளூடூத் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். அந்த விலையில் பேட்டரி, சிப், சார்ஜ் டப்பா, மைக் எல்லாவற்றுக்கும் காசைப் பிரித்துக் கொடுத்தது போக மீதிதான் சத்தத்துக்கு வரும், மாமாவின் போனில் இயர்போன் ஒயரைச் சொருகுகிற 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இன்னும் இருந்ததால் ஒயரே போதும் என்று சொல்லிவிட்டேன். மிச்சக் காசுக்கு இன்னும் ரெண்டு ஜோடி ரப்பர் வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு உழவன் எக்ஸ்பிரஸில் கிளம்பிப் போனவர், ராத்திரியே போன் செய்தார். ரயில் ஓடுகிறபோதும் தொப்பி கேட்கிறதாம். இது சாதாரண விஷயம் இல்லை, ரயிலும் பஸ்ஸும் போடுகிற உறுமல் தாழ்ந்த ஒலி, இயர்போனின் பேஸை முதலில் விழுங்குவது அதுதான், ரப்பர் நன்றாக அடைத்தால்தான் தப்பிக்கலாம். சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேட்பதாகவும் சொன்னார். நான் பூரித்துப் போனேன்.

அடுத்த வாரம் அத்தை கூப்பிட்டார். "ஏன் கண்ணு, அதுல அப்படி என்னதான் வாங்கிக் கொடுத்தே? காஸ்காரன் பெல் அடிச்சா கேக்கல, குக்கர் கத்தினா கேக்கல, நான் கூப்பிட்டா சுத்தமாக் கேக்கல. கொஞ்சம் மட்டமான சாமானாப் பார்த்து வாங்கக் கூடாதா?" பாவமாக இருந்தது. டப்பாவுக்குள் ஒரு சின்னக் கவரில் இருப்பதிலேயே சின்ன ரப்பர் ஒரு ஜோடி இருக்கும், அதை மாட்டிவிட்டால் வெளிச் சத்தம் ஓரளவு கேட்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன்.

நேற்று மாமா பேசினார், குரலில் அவ்வளவு கோபம். "பாப்பா, பேஸ் போயிடுச்சு. நாலு நாள்ல தேஞ்சு போச்சு. வாரன்டி இருக்கா அதுக்கு? ரசீது உங்கிட்டதானே இருக்கு?" ரப்பரைப் பாருங்கள் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அத்தையின் குரல், "அவளை ஏன் தொந்தரவு பண்றீங்க, காபி ஆறுது, வாங்க" என்றது. "இதோ வர்றேன்" என்று மாமா உடனே பதில் சொன்னார்.

ரசீதைத் தேடிப் பார்க்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.