ஐந்து பேரின் இசைக்குழு, இரண்டு பேரின் படம்

‘தி ரன்அவேஸ்’ படத்தை முதல் முறை பார்த்தபோது, ஜோன் ஜெட்டாக நடித்த கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டையும் செரி கரியாக நடித்த டகோட்டா ஃபேனிங்கையும் விட்டு என் கண் அகலவே இல்லை. சென்ற வாரம் அதே படத்தை மறுபடியும் போட்டபோது ஒரு தீர்மானத்தோடுதான் உட்கார்ந்தேன். மேடைக் காட்சி வரும்போதெல்லாம் பின்னால் டிரம்ஸ் வாசிப்பவரையும், ஓரத்தில் பேஸ் கிடாரோடு நிற்பவரையும் மட்டுமே பார்ப்பது என்பதே அந்தத் தீர்மானம். அப்படிப் பார்த்தபோதுதான், எனக்கு மிகவும் பிடித்த இந்தப் படத்தில் எவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது என்பது உறைத்தது.

அறியாதவர்களுக்காக, படம் சொல்லும் ‘தி ரன்அவேஸ்’ என்ற ராக் இசைக்குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி 1979-இல் கலைந்துபோன இந்தக் குழுவின் பெயர்பெற்ற அணியில் ஜோன் ஜெட் ரிதம் கிடாரும், லீட்டா ஃபோர்டு லீட் கிடாரும், சாண்டி வெஸ்ட் டிரம்ஸும், ஜாக்கி ஃபாக்ஸ் பேஸ் கிடாரும் வாசிக்க, செரி கரி முன்னணிப் பாடகியாக நின்றார். முதல் இசைத்தட்டு 1976-இல் வெளிவந்தபோது ஐவரில் ஒருவருக்குக்கூட பதினெட்டு வயது நிறைந்திருக்கவில்லை. பெண்கள் ராக் பாடுவது அன்றைக்குப் புதிதல்ல என்றாலும், எல்லாக் கருவிகளையும் தாங்களே ஏந்திக்கொண்டு ஆண் குழுக்களுக்கு நிகரான இரைச்சலோடு மேடையேறிய பள்ளி வயதுப் பெண்களை அன்றைய இசை உலகம் பெரும்பாலும் ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டது.

2010-இல் வெளியான படத்தை இயக்கிய ஃப்ளோரியா சிகிஸ்மோண்டி, அதுவரை இசைக் காணொளிகளுக்காக அறியப்பட்டவர். அந்தப் பயிற்சி படம் முழுக்கத் தெரிகிறது. தரையில் விழும் ஒரு துளி மாதவிடாய் இரத்தத்தோடு படத்தைத் தொடங்க ஒரு துணிவு வேண்டும். இது யாருடைய உடலின் கதை என்பதை அந்த ஒரு துளி சொல்லிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் பெனுவா டெபி சூப்பர் 16 ஃபிலிமில் எடுத்திருப்பதால் காட்சிகளில் ஒரு சொரசொரப்பும், வெயிலில் வெளுத்த பழைய புகைப்படத்தின் நிறமும் படிந்திருக்கின்றன. தொடக்கத்தில் ஒரு கடைக்குள் நுழையும் ஜோன், சேர்த்துவைத்த சில்லறைக் காசுகளைக் கொண்டுவந்து கொட்டி, ஆண்கள் அணியும் தோல் ஜாக்கெட்டை வாங்குகிறாள். சிறிது நேரத்தில் கிடார் வகுப்பில், பெண்கள் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் அவளிடம் சொல்கிறார். அவளுடைய பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த இரண்டு காட்சிகளே போதுமானவையாக இருந்தன. நடிகையர் இருவரும் பாடல்களைத் தங்கள் சொந்தக் குரலிலேயே பாடியிருக்கிறார்கள் என்பதையும் மதிப்போடு குறிப்பிட வேண்டும்.

படத்தின் உயிர், ஒத்திகை நடக்கும் அந்தப் பழைய டிரெய்லர் வண்டிக்குள் இருக்கிறது. செரி, குரல் தேர்வுக்காக ஒரு மென்மையான பாடலைத் தயார் செய்துகொண்டு வருகிறாள். குழுவுக்கு அது ஒவ்வவில்லை. உடனே குழுவின் இசைத் தயாரிப்பாளர் கிம் ஃபௌலியும் ஜோனும் அங்கேயே அவளுக்கென்று ஒரு பாடலை எழுதுகிறார்கள். குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘செரி பாம்’ உண்மையிலும் இப்படித்தான் பிறந்தது. ஃபௌலியாக நடித்த மைக்கேல் ஷானன், வரிகளைத் துப்புவதுபோல் சொல்லிக்கொண்டே அந்தச் சிறுமியைச் சுற்றிச் சுற்றி வந்து, வெட்கத்தை விட்டுப் பாடு என்று விரட்டுகிறார். தயக்கத்தோடு தொடங்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, கடைசியில் உறுமலாக மாறும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே கணத்தில் வயிற்றையும் பிசைந்தது. செரி கரி குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. படப்பிடிப்பின்போது டகோட்டா ஃபேனிங்குக்கும் அதே 15தான். வயதில் மூத்த நடிகை ஒருவரை வைத்து எடுத்திருந்தால், வளர்ந்த ஆண் ஒருவன் ஒரு குழந்தையின் கவர்ச்சியைச் சரக்காக மாற்றும் அந்தக் கொடுமை நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. பின்னர் ஒரு காட்சியில், கூட்டத்தின் வசவுகளுக்கும் எறிதல்களுக்கும் பழக்க வேண்டும் என்று சொல்லி, பையன்களைக் கூட்டிவந்து வாசித்துக்கொண்டிருக்கும் பெண்கள்மீது கையில் கிடைத்ததையெல்லாம் எறியச் செய்கிறார் ஃபௌலி. அவர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. படம் இதை வீரமாகக் காட்டுகிறது, வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷானனின் நடிப்பில் இருக்கும் வசீகரம், அந்த மனிதரை ரசிக்கத்தக்க கோமாளியாக நம் முன் நிறுத்திவிடுகிறதோ என்ற அச்சம் எனக்கு இந்த முறை வலுவாகவே எழுந்தது.

அந்த அச்சத்துக்குக் காரணம், பேஸ் கிடாரோடு ஓரத்தில் நிற்கும் அந்தப் பெண். படத்தில் அவள் பெயர் ராபின். ஆலியா ஷாக்கத் நடித்திருக்கிறார். அப்படி ஒருவர் ரன்அவேஸ் குழுவில் இருந்ததே இல்லை. ஜாக்கி ஃபாக்ஸ் தன் கதையைப் பயன்படுத்த உரிமை தராததால், அவருடைய இடத்தில் ஒரு கற்பனைப் பாத்திரத்தை வைத்தார்கள். அவர் மறுத்ததற்கு என்ன காரணம் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டு, ஃபௌலி இறந்து சில மாதங்களுக்குப் பிறகு, 1975-ஆம் ஆண்டின் கடைசி இரவில் அவர் தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாக ஜாக்கி வெளிப்படையாகச் சொன்னார். அதை அறிந்த பிறகு இந்தப் படத்தைப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். டிரெய்லர் வண்டிக் காட்சிகளில் ஃபௌலி கத்தும்போதெல்லாம் என் பார்வை தானாகவே ராபின் பக்கம் திரும்பியது.

பெயரை மாற்றியதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். உரிமை தராத ஒருவரின் பெயரைத் தொடாமல் விட்டது சரியான செயல்தான். ஆனால் கற்பனையில் ஒருத்தியை உருவாக்க முடிவு செய்த பிறகு, அவளுக்கு ஒரு வீட்டையோ ஒரு ஆசையையோ மற்ற நால்வரில் ஒருத்தியோடு ஒரு நட்பையோ கொடுப்பதை யார் தடுத்தார்கள்? உண்மையின் கட்டுப்பாடு இல்லாத ஒரே பாத்திரம் அவள்தான். அவளுக்குத்தான் படம் ஏறக்குறைய எதையுமே தரவில்லை. ஜாக்கிக்கு இது முதல் முறையும் அல்ல. முதல் இசைத்தட்டில் அவருடைய படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஆனால் அதில் பேஸ் வாசித்தவர் நைஜல் ஹாரிசன் என்ற ஆண் கலைஞர்.

சாண்டி வெஸ்ட்டின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. இந்தக் குழு தொடங்கியதே ஜோனும் சாண்டியும் சந்தித்துச் சேர்ந்து வாசித்ததிலிருந்துதான். படத்தில் அந்தச் சந்திப்பு மளமளவென்று கடந்துபோகிறது. ஸ்டெல்லா மேவ் உற்சாகமாகவே நடித்திருக்கிறார். இருந்தும் சாண்டி என்பவர் யார், எங்கிருந்து வந்தார், அந்த அடியின் பலம் எப்படி வந்தது என்பதற்குப் படத்தில் விடை இல்லை. லீட்டா ஃபோர்டு கோபப்படுவதற்காகவே அவ்வப்போது வந்துபோகிறார். இதற்கான காரணத்தை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. படம் செரி கரியின் ‘நியான் ஏஞ்சல்’ என்ற தன்வரலாற்று நூலை அடிப்படையாகக் கொண்டது. நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஜோன் ஜெட். நினைவைத் தந்தவர் ஒருவர், துணை நின்றவர் ஒருவர். ஆகவே அவர்கள் இருவருக்கிடையே இருந்த அன்பும் பிளவுமே கதையாயிற்று. சாண்டி 2006-இல், 47 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார். தன் பங்கைச் சொல்ல அவர் இல்லை.

ஜாக்கிக்குப் பிறகு இந்தக் குழுவில் பேஸ் வாசித்த விக்டரி டிஷ்லர்-ப்ளூ, ‘எட்ஜ்பிளே’ என்ற ஆவணப்படத்தை 2004-இல் எடுத்தார். அதில் சாண்டி பேசுகிறார். ஆனால் ஜோன் ஜெட் அதில் பங்கேற்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அப்படிப் பார்க்கும்படி பரிந்துரைப்பேன். ஒன்றில் வாய் திறக்காதவர் மற்றொன்றின் நடுவில் நிற்பதைக் காணலாம்.

படத்தின் கடைசிக் காட்சியை இந்த முறையும் மனம் கனக்கத்தான் பார்த்தேன். கடையில் வேலை செய்துகொண்டிருக்கும் செரி, வானொலியில் ஜோனின் குரலைக் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறாள். இருவராலும் அதிகம் பேச முடியவில்லை. பேச்சு தடுமாறி நிற்க, ஃபேனிங்கின் முகத்தில் தோன்றும் அந்த அரைப் புன்னகை, பக்கம் பக்கமாக எழுதினாலும் கிடைக்காத ஒன்று. இருவரின் படமாக இது முழுமையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

படம் முடிந்ததும் தூக்கம் வரவில்லை. 1977-இல் ஜப்பானில் பதிவு செய்யப்பட்ட அவர்களுடைய நேரடி நிகழ்ச்சியின் இசைத்தட்டைக் கேட்கத் தொடங்கினேன். அந்தப் பயணத்தின் இறுதியில்தான் ஜாக்கி குழுவை விட்டு விலகினார். அடுத்து, அதே ஆண்டில் செரியும் விலகினார். இந்தப் பதிவில் பேஸ் வாசிப்பவர் ஜாக்கியேதான், வேறொருவர் அல்ல. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பாட்டையும் கிடார்களையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, சாண்டியின் அடியையும் அதன் கூடவே நகரும் பேஸ் ஒலியையும் மட்டும் பின்தொடர்ந்து கடைசிப் பாடல்வரை கேட்டேன்.