பழைய ஐபேடில் எஸ்.பி.எம். படித்த கதை: எதற்கு உதவும், எங்கே கவிழ்க்கும்

சென்ற வியாழக்கிழமை எஸ்.பி.எம். முடிவு வந்தது, மலேசியாவில் இடைநிலைப் பள்ளியின் முடிவில், படிவம் ஐந்தில் எழுதும் தேர்வு. வரலாறு ஏ மைனஸ், தமிழ்மொழி ஏ, மலாய்மொழி பி பிளஸ், கூடுதல் கணிதம் சி. வரலாற்றுத் தாளுக்குக் கிடைத்த ஏ மைனஸ் அந்தப் பழைய ஐபேட் தந்தது. கூடுதல் கணிதத்தின் சி, அதில் நான் செய்த ஒரே ஒரு தவற்றால் வந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன். பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் என்னைப் போலவே உறவினர் கொடுத்த பழைய டேப்லெட்டை வைத்துக்கொண்டு, இது எதற்காவது உதவுமா என்று யோசிக்கும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள்.

என்னுடையது முதல் தலைமுறை ஐபேட் ஏர். 2013இல் வந்தது, நினைவகம் 1 ஜிபிதான். 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 என்ற புதிய இயங்குதளம் வந்தபோது இந்த வகையைச் சேர்க்கவில்லை. அதனால் ஐஓஎஸ் 12இலேயே நின்றுவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தை, வீட்டில் சும்மா கிடக்கிறது என்று தீபாவளிக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனார். புதியது வாங்கித் தரும் நிலையில் அப்பா இல்லை. செம்பனை ஆலைச் சம்பளத்தில் நாங்கள் மூன்று பேர் படிக்கிறோம்.

முதல் வாரம் அதை வெறுத்தேன். எந்தச் செயலியைப் பதிவிறக்கப் போனாலும் ஐஓஎஸ் 13க்கு மேல் வேண்டும் என்றது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வழி காட்டினார். புதிய கைப்பேசி ஒன்றின் ஆப் ஸ்டோரில் நம் சொந்த ஆப்பிள் கணக்கில் நுழைந்து செயலியை ஒருமுறை பதிவிறக்க வேண்டும். பிறகு ஐபேடின் ஆப் ஸ்டோரிலும் அதே கணக்கில் நுழைந்து, வாங்கியவற்றின் பட்டியலுக்குப் போய் அதே செயலியைத் தொட்டால், இந்தக் கருவிக்குப் பொருந்தும் கடைசிப் பழைய பதிப்பு வேண்டுமா என்று கேட்கும். எல்லாச் செயலிக்கும் பழைய பதிப்பு இருக்காது, இருந்தாலும் வேலை செய்யும் என்ற உறுதி இல்லை. எனக்கு அகராதியும் கணிப்பானும் கிடைத்தன. போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

உண்மையில் அது எனக்குப் புத்தக அலமாரியாகத்தான் பயன்பட்டது. படிவம் நான்கு, ஐந்து பாடநூல்கள், மாநில வாரியாக வந்த முன்னோட்டத் தேர்வுத் தாள்கள், அவற்றின் விடைப்பட்டியல்கள் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்தேன். அதன்பின் விமானப் பயன்முறையைப் போட்டேன். பின்னால் சொல்லும் அந்தத் தவற்றின்போது தவிர, தேர்வு முடியும்வரை எடுக்கவில்லை. இதைத்தான் நூறு முறை சொல்வேன். கைப்பேசியில் படித்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புலனச் (வாட்ஸ்அப்) செய்தி வந்து கையைப் பிடித்து இழுக்கும். இந்த ஐபேடில் பாடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. உங்களுக்கு மன அடக்கம் இயல்பாகவே இருந்தால் இது தேவைப்படாது. எனக்கு இல்லை.

செய்ய வேண்டியவை:

- பெரிய பி.டி.எஃப். கோப்பைப் பாடவாரியாகப் பிரித்து ஏற்றுங்கள். 300 பக்கத்தை ஒரே கோப்பாகத் திறந்தால் 1 ஜிபி திணறும்.
- உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைக்காதீர்கள். திரும்பி வரும்போது மறுபடியும் ஏற்றத் தொடங்கும்.
- திரை ஓரம் சற்றுத் தூக்கியது போலத் தெரிந்தால் மின்கலம் உப்புகிறது. உடனே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள்.
- ஐபேட் 2 போன்றவை ஐஓஎஸ் 9ஐத் தாண்டாது. 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் அவற்றில் பல இணையத்தளங்கள் திறப்பதில்லை. கோப்புகளைக் கணினியிலிருந்து கம்பி வழியாக ஏற்றிக்கொள்ளலாம்.
- வங்கிக் கணக்கு, அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பம் இரண்டையும் இதில் தொடாதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கருவி.

வரலாறு எப்படி ஏறியது என்று கேட்கிறார்கள். படிவம் நான்கில் அவசரகாலப் பாடம், அதாவது காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க ஆங்கிலேய அரசு அறிவித்த காலம், வரும் அல்லவா? 1948 ஜூன் 16இல் நம் ஊருக்கு அருகில் எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்துதான் அந்தப் பாடமே சூடு பிடிக்கிறது. பாட்டிக்குக் கண் சரியில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, மலாயில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். பாட்டி இடையிடையே தம் அம்மா சொன்னதைச் சேர்த்தார். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோக முடியாது, வாசலில் சோதனை போடுவார்கள், முள்வேலி, அரிசிக்கு அளவு. அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்யவே இல்லை. இரண்டாம் தாளில் காரணங்களும் விளைவுகளும் பாட்டியின் குரலிலேயே வந்தன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இனி அந்தத் தவறு. முன்னோட்டத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஐபேட் மெதுவாகிவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கினால் வேகம் கூடும் என்று கணினியில் இணைத்து மீட்புப் பயன்முறையில் அழித்துவிட்டேன். மீண்டும் திறந்தபோது அத்தையின் ஆப்பிள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டது. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது, அதன் வேலையைத்தான் அது செய்தது. அத்தையை அழைத்தேன்.

"கடவுச்சொல்லா? வாங்கிய அன்று மாமாதான் போட்டுக் கொடுத்தாரம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

மாமா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அத்தை அழுதார், நானும் அழுதேன். கணக்கை மீட்கப் பதினொரு நாள் ஆனது. கூடுதல் கணிதத்துக்கு நான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் அந்தக் கருவிக்குள் மட்டுமே இருந்தன. ஐகிளவுட் தரும் இலவச 5 ஜிபி, அத்தையின் படங்களால் எப்போதோ நிரம்பிவிட்டது. அதனாலும் விமானப் பயன்முறையாலும் எதுவும் அங்கே சேரவில்லை. தொகையீட்டுப் (integration) பகுதியை மறுபடியும் எழுத எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை.

ஆகவே ஐபேட் கைக்கு வந்த அன்றே, கொடுத்தவர் பக்கத்தில் இருக்கும்போதே, அவர் கையால் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். 'என் ஐபேடைக் கண்டுபிடி' என்பது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் அழிப்பது, உங்கள் பெயரில் புதிய கணக்கு தொடங்குவது எல்லாம். சொந்தக் குறிப்புகளைத் தாளில் எழுதுங்கள். கணிதம் என்றால் கட்டாயம் தாளில்தான்.

இப்போது அது தங்கையிடம் இருக்கிறது, படிவம் மூன்று. பாடநூல்களை நானே இறக்கிக் கொடுத்துவிட்டேன். கணக்கு அவள் பெயரில் இருக்கிறது. கடவுச்சொல்லை அம்மாவின் சாமி அறை நாள்காட்டிக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறோம்.