நெல் வயல் புல்லுக்கு உளுந்துப் பருவத்தில் வைத்தியம்

திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் நெல்லை நேரடியாக விதைப்பது) போட்ட வயல்களில் பெரிய தலைவலி புல்தான். நடவு வயலில் நாற்று வளர்ந்த பிறகே புல் முளைக்கிறது. தண்ணீரும் கட்டி நிற்பதால் பாதிப் புல் தலைகாட்டுவதில்லை. நேரடி விதைப்பில் நெல்லும் புல்லும் ஒன்றாக முளைக்கின்றன. வெயிலில் நெல்லைவிட வேகமாக வளரும் சாதி என்பதால், முதல் 30, 40 நாளில் உரத்தையும் வெளிச்சத்தையும் புல் அள்ளிக்கொண்டு போய்விடும்.

இளசாக இருக்கும்போதே அடையாளம் தெரிய வேண்டும். பயிரைப் பிடுங்கி, இலையும் தண்டும் சேரும் மடிப்பை மெல்ல விரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே இரண்டாகப் பிளந்த வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் மயிர் உள்ள பிறை வடிவக் காதுகள் இருக்கும். நெல் மாதிரியே தெரியும் குதிரைவாலிப் புல்லில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். அடித்தண்டு பெரும்பாலும் செந்நீலம் ஓடியிருக்கும், இலையின் நடுநரம்பு வெளுத்துத் தெரியும். இதிலேயே குட்டையாகப் படர்ந்து வளரும் இன்னொரு வகையும் உண்டு. அதற்கும் நாக்கு கிடையாது.

மூன்றாவது ஆள் லெப்டோகுளோவா என்ற புல். மெல்லிய தண்டு, நுனியில் நூல் நூலாக விரியும் கதிர், தூள் போன்ற விதை. இதன் மடிப்பில் நாக்கு உண்டு, ஆனால் நார் நாராகக் கிழிந்திருக்கும். இதைத் தனியாகப் பிரித்தறிவது மிக முக்கியம். காரணம், எல்லாரும் கடையில் கேட்டு வாங்கும் பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லி குதிரைவாலியை நன்றாகக் கொல்லும், லெப்டோகுளோவாவை ஒன்றும் செய்யாது. குதிரைவாலி காலியான இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். அதற்கு சைஹாலோஃபாப் பியூட்டைல் என்ற களைக்கொல்லிதான் சரி.

அளவு சொல்லிவிடுகிறேன். புழுதி விதைப்பில் மழையோ பாசனமோ கிடைத்து மண் நனைந்த 3 முதல் 5 நாளுக்குள் பெண்டிமெத்தலின் (புல் முளைப்பதையே தடுக்கும் களைக்கொல்லி) 30 சதம், ஏக்கருக்கு 1.3 லிட்டர். காய்ந்த புழுதியில் அடித்தால் பணம் போச்சு. தண்ணீர் தேங்கிய இடத்தில் அடித்தால் நெல் முளையும் அடிபடும். சேற்று விதைப்புக்கு (சேறடித்த வயலில் முளைகட்டிய விதையைத் தூவுவது), பயிர்ப் பாதுகாப்பான் (மருந்து நெல்லைத் தாக்காமல் காக்கும் சேர்மானம்) கலந்து வரும் பிரெட்டிலாகுளோர் 30.7 சதம், ஏக்கருக்கு 600 மில்லி, விதைத்த 3 அல்லது 4-ஆம் நாள். நடவு வயலுக்கு விற்கும் 50 சதப் புட்டியில் அந்தப் பாதுகாப்பான் இல்லை. அதை முளை விதை மேல் அடிக்காதீர்கள்.

அடுத்த சுற்று 15 முதல் 20 நாளுக்குள், புல் 2 முதல் 4 இலையில் இருக்கும்போது. பிஸ்பைரிபாக் 10 சதம் ஏக்கருக்கு 100 மில்லி, அதாவது ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 33 மில்லி. 16 லிட்டர் டேங்குக்கு 10 மில்லி ஊற்றி, ஏக்கருக்கு 10 டேங்க் கணக்கில் அடிக்கலாம். சைஹாலோஃபாப் 10 சதம் என்றால் ஏக்கருக்கு 300 மில்லி. மருந்து அடிப்பதற்கு முந்தின நாளே தண்ணீரை வடித்து, புல் முழுசாக வெளியே தெரிய வேண்டும். அடித்த இரண்டு மூன்று நாளில் திரும்பத் தண்ணீர் கட்ட வேண்டும். பலன் கெடுவது பெரும்பாலும் இந்தத் திரும்பக் கட்டும் இடத்தில்தான். வாய்க்காலில் தண்ணீர் வராத வாரத்தில் அடித்தால், பழைய புல் சாகும், புதுப் புல் முளைக்கும். அகன்ற இலைக் களையையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று 2,4-டி-யை சைஹாலோஃபாப்போடு கலப்பதும் தப்பு. புல் மீது மருந்தின் வேகம் குறைந்துவிடும். 40 நாள் ஆன தூர் கட்டிய புல்லுக்கு அளவைக் கூட்டி அடிப்பவர்களைத் தயவுசெய்து தடுங்கள். அது சாகாது. அந்தக் கட்டத்தில் கைக்களைதான். பிடுங்கியதை ஈர வரப்பில் போட்டால் கணுவில் வேர்விட்டு எழுந்துவிடும், கதிர் வந்ததென்றால் விதையும் முற்றிவிடும். வயலை விட்டே வெளியேற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் தப்பிய புல் அறுவடைக்கு முன்பே விதையைக் கொட்டிவிடும். அந்த விதை மண்ணில் சில வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் கணக்கு தீர்க்க வேண்டியது மண்ணோடுதான், அதற்கு நெல்லைவிட, நெல் அறுவடைக்குப் பின் வரும் உளுந்து, பயறு பருவமே தோது. நெல் வயலில் களை நெல்லை (விதைக்காமலே களையாக முளைக்கும் நெல்) மருந்தால் தொட முடியாது, இரண்டும் ஒரே இனம். உளுந்தில் அந்தத் தடை இல்லை. குவிசாலோஃபாப் ஈத்தைல் என்ற புல் கொல்லி 5 சதம், ஏக்கருக்கு 400 மில்லி, விதைத்த 15 முதல் 20 நாளில் ஈரம் இருக்கும்போது அடித்தால் குதிரைவாலி, களை நெல், சிந்திய நெல் எல்லாம் கருகும், உளுந்துக்குச் சேதமில்லை. நடுக்குருத்து பழுத்து, இழுத்தால் கையோடு வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து வயலில் தாளடி (இரண்டாம் போக நெல்) இன்னும் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். காற்றில் மருந்துச் சாரல் போனால் பக்கத்து வயல்காரர் நெல்லும் கருகும்.

கோடை மழைக்கு முளைக்கும் புல்லை மேலாக உழுது அழியுங்கள். ஆழ உழுதால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்து அடுத்த முளைப்புக்குத் தயாராகிவிடும். விதை நெல்லை, முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைசலில் போட்டு, மிதப்பதை அள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். வெளியூரிலிருந்து வரும் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் முன், சல்லடையையும் தானியத் தொட்டியையும் வரப்புக்கு வெளியே நிறுத்தித் துடைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆனாலும் விடாதீர்கள்.